குவியலின் உள்ளே இருந்த ஈரம்

விலை பேசி முடித்து, பணம் கைமாறி, பொருள் வாங்கியவனிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டால் விற்றவனின் கை அப்பொருளை விட்டு நீங்கிவிடுகிறது. அதன்பின் அதைத் தொடவோ, மாற்றவோ அவனுக்கு உரிமை இல்லை. துணியாயினும், தானியமாயினும், சுவர்க் கடிகாரமாயினும் இதுவே மனித குலம் நெடுங்காலமாக அறிந்த வணிக முறை. நம் ஃபிக்ஹு நூல்களின் கொடுக்கல் வாங்கல் சட்டங்களும் இந்த ஒப்படைப்பை மையமாகக் கொண்டே அமைந்தன.

இந்த நூற்றாண்டில் நம் சட்டைப் பைக்குள் வந்து அமர்ந்த கைப்பேசி அம்முறையை மாற்றிவிட்டது. அதை விற்ற நிறுவனம் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்துகொண்டே, விற்று ஆண்டுகள் கடந்த பின்னும், 'அப்டேட்' என்ற பெயரில் அதன் உள்ளமைப்பைத் திருத்துகிறது. பெரும்பாலும் அது நன்மைக்கே. பாதுகாப்புக் குறைகள் அடைக்கப்படுகின்றன. புதிய வசதிகள் சேர்கின்றன. ஆனால் பெரிய அப்டேட் ஒன்று வந்து சென்றபின் பழைய கைப்பேசி நத்தையாகிவிட்டது என்ற முறையீடு உலகெங்கும் எழுந்தது. வளைகுடாவில் உழைக்கும் மகன் தான் பயன்படுத்திய கைப்பேசியை ஊரிலுள்ள உம்மாவிடம் கொடுத்துச் செல்கிறான். அவன் முகத்தைக் காண அவளுக்கு அதுவே சாளரம். அது தடுமாறத் தொடங்கினால், "பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்பதே எங்கும் கிடைக்கும் விடை. அந்த விடை உண்மைதானா என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஐயத்தின் தொடக்கம்

பொருளின் ஆயுளை வணிகன் வேண்டுமென்றே குறைப்பான் என்ற ஐயம் வீணாகப் பிறந்ததன்று. 1924-ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க மின்விளக்கு நிறுவனங்கள் பல ஜெனீவாவில் கூடி, 'ஃபீபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. குமிழ் விளக்கின் ஆயுள் 1,000 மணி நேரம் என வரையறுத்து, அதனினும் நெடுநாள் எரியும் விளக்குகளைச் செய்த உறுப்பினர்களுக்கு அபராதமும் விதித்தன. நன்றாகச் செய்ததற்காகத் தண்டம் கட்டிய விந்தை அது.

கைப்பேசியைப் பற்றிய முதல் பெரும் முறையீடு 2010-இல் எழுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களுக்கு ஐ.ஓ.எஸ். 4 என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. 2008-இல் விற்பனைக்கு வந்த ஐபோன் 3ஜி-யின் நினைவகம் 128 மெகாபைட் மட்டுமே. அடுத்த ஆண்டு வந்த 3ஜிஎஸ்-இல் அது இருமடங்கு. பெரிய கருவிக்கென வெட்டிய சட்டையைச் சிறியதற்கு மாட்டியது போலாயிற்று. பழைய கருவிகள் திணறின. முந்தைய இயங்குதளத்திற்குத் திரும்பவோ முறையான வழி கொடுக்கப்படவில்லை. சில மாதங்களில் வந்த திருத்தம் ஓரளவே துயர் தீர்த்தது.

கலிஃபோர்னியாவில் இதன்பொருட்டு ஒரு வழக்குத் தொடரப்பட்டது. 2011-இல் அது தள்ளுபடியாயிற்று. மென்பொருள் என்பது அம்மாநில நுகர்வோர் சட்டம் கூறும் 'பொருள்' என்ற சொல்லுக்குள் அடங்காது என்பது தீர்ப்பின் சாரங்களுள் ஒன்று. விற்றவன் பொருளைத் தொடலாம். தொட்டதால் விளைந்த கேட்டுக்கு அவனைக் கேட்கச் சட்டத்தில் சொல் இல்லை. புதிய வணிகமுறை முன்னே ஓட, சட்டம் பின்னே மூச்சிரைக்க வந்த காலம் அது.

2014-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவி ஒருவர் கூகுள் தேடல்களை ஆராய்ந்தார். புதிய ஐபோன் வெளிவரும் ஒவ்வொரு வேளையிலும், 'ஐபோன் மெதுவாக இயங்குகிறது' என்ற தேடல் திடீரென உயர்வதை அவர் கண்டார். சாம்சங் கருவிகளில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. ஆயினும் இது வஞ்சகத்திற்குச் சான்றாகாது. புதிய ஐபோனோடு புதிய இயங்குதளமும் ஒருங்கே வருவதால் பழைய கருவிக்குப் பளு கூடியிருக்கலாம். புதியதைக் கண்ட கண்ணுக்குப் பழையது மெதுவாகத் தோன்றியும் இருக்கலாம். ஐயம் இருந்தது, ஆதாரம் இல்லை.

பேட்டரியின் மூப்பு

ஆதாரம் கிடைத்த கதை 2016-இன் இறுதியில் தொடங்குகிறது. ஐபோன் 6, 6எஸ் வகைக் கருவிகள் பேட்டரியில் இன்னும் மின்சாரம் இருக்கும்போதே திடீரென அணைந்துபோயின. காரணம் இயற்கையானது. லித்தியம் அயனிப் பேட்டரி ஒவ்வொரு முறை மின்னேற்றி இறக்கும்போதும் சிறிது முதுமை அடைகிறது. முதுமை ஏற ஏற அதன் உள்ளேயுள்ள மின்தடை கூடுகிறது. கைப்பேசியின் நுண்செயலி கடினமான வேலை ஒன்றில் இறங்கும் கணத்தில் மிகுதியான மின்னோட்டத்தைக் கேட்கிறது. இளம் பேட்டரி அதைக் கொடுத்துவிடும். மூத்த பேட்டரியோ மின்னழுத்தம் தாழ்ந்து தளர்ந்துவிடும். கருவி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். குளிர் மிகுந்த நாளில் இது இன்னும் கடுமை.

2017 ஜனவரியில் ஐ.ஓ.எஸ். 10.2.1 என்ற அப்டேட் வந்தது. அடுத்த மாதமே, திடீரென அணையும் நிகழ்ச்சிகள் 6எஸ் கருவிகளில் 80 விழுக்காடும், 6 கருவிகளில் 70 விழுக்காட்டுக்கு மேலும் குறைந்துவிட்டதாக நிறுவனம் பெருமிதத்தோடு அறிவித்தது. எவ்வாறு குறைத்தது என்பதை மட்டும் விளக்கவில்லை. மூத்த பேட்டரியைக் கண்டால் நுண்செயலியின் வேகத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும்படி அந்த மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. முதியவரை மெல்ல நடத்திச் செல்வது போன்ற ஏற்பாடு அது. பொறியியல் நோக்கில் அதைத் தவறென்று சொல்லிவிட முடியாது. அவசரத்தில் அணைந்துபோகும் கைப்பேசியைவிட மெதுவாக இயங்கும் கைப்பேசி மேலன்றோ?

ஆனால் கைப்பேசியின் சொந்தக்காரர் இதை அறியார். அவர் கண்டது தளர்ந்துபோன ஒரு கருவியை மட்டுமே. பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பும் என்று அவருக்கு எவரும் கூறவில்லை.

2017 டிசம்பரில் ஐபோன் 6எஸ் வைத்திருந்த ஒருவர், பேட்டரியை மாற்றியதும் வேகம் திரும்பியதைக் கண்டு அளவீடுகளோடு வெளியிட்டார். கருவிகளின் வேகத்தை அளக்கும் மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல் தம்மிடம் திரண்டிருந்த அளவீடுகளை வரைபடமாக்கினார். ஒரே வகைக் கருவிகள் அப்டேட்டுக்குப் பின் பல வேகப் படிகளாகப் பிரிந்து நின்றன. டிசம்பர் 20-ஆம் நாள் நிறுவனம் உண்மையை ஒப்புக்கொண்டது. 28-ஆம் நாள் மன்னிப்புக் கேட்டது. எக்கருவியின் ஆயுளையும் வேண்டுமென்றே குறைத்ததில்லை என்றும் கூறியது. 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணம் 29 டாலராகக் குறைக்கப்பட்டது. 2018 மார்ச் மாதம் வந்த ஐ.ஓ.எஸ். 11.3, பேட்டரியின் உடல்நிலையை உரியவரே பார்க்கவும், வேகத் தணிப்பை விரும்பினால் நிறுத்தவும் வழி செய்தது.

தீர்ப்புகள் சொன்னது என்ன?

இதற்குப் பின் வந்த தீர்ப்புகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். 2018 அக்டோபரில் இத்தாலியின் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. சாம்சங் தன் கேலக்ஸி நோட் 4 உரிமையாளர்களை, நோட் 7-க்கென அமைந்த ஆண்ட்ராய்டு அப்டேட்டை ஏற்கத் தூண்டியது என்பது குற்றச்சாட்டு. விளையக்கூடிய குறைகளை முன்னரே அறிவிக்காததும், பழைய நிலைக்குத் திரும்ப வழி கொடாததும் இரு நிறுவனங்கள் மீதும் சுமத்தப்பட்டன.

பிரான்சில் பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைப்பதே 2015 முதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நுகர்வோர் அமைப்பு ஒன்று அச்சட்டத்தின் பெயரால்தான் முறையிட்டது. ஆனால் 2020 பிப்ரவரியில் ஆப்பிள் மீது விதிக்கப்பட்ட இரண்டரைக் கோடி யூரோ அபராதம், ஆயுளைக் குறைத்ததற்காக அன்று. சொல்லவேண்டியதைச் சொல்லாது விட்டு நுகர்வோரைத் தவறாக எண்ணச் செய்ததற்காகவே. அமெரிக்காவில் அதே ஆண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 50 கோடி டாலர் வரை வழங்க நிறுவனம் உடன்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களோடு 11 கோடியே 30 லட்சம் டாலருக்கு வேறோர் உடன்பாடும் கண்டது. முறையிட்ட தனிமனிதர் ஒவ்வொருவர் கைக்கும் 2024 ஜனவரியில் வந்து சேர்ந்தது ஏறத்தாழ 92 டாலர்.

ஆக, ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டிய குற்றத்தின் மையம் வேகத்தைத் தணித்ததில் மட்டும் இல்லை. சொல்லாமல் தணித்ததில் இருந்தது.

மதீனத்துச் சந்தை

இந்த முடிவுக்கு வர நவீன உலகிற்குப் பத்தாண்டுகள் தேவைப்பட்டன. நமக்கோ இது புதிதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது அதனுள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வினவ, மழை நனைத்துவிட்டதாக வணிகர் விடை கூறினார். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, வஞ்சிப்போர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

மழையைப் பெய்வித்தது அவ்வணிகர் அல்லர். தானியம் நனைந்தது அவர் குற்றமும் அன்று. ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றம். பேட்டரி மூப்படைவதும் மழையைப் போன்றதே. அதை எந்த நிறுவனத்தாலும் தடுத்துவிட முடியாது. இயற்கையின் குறையை மனிதன் மறைக்கும்போதுதான் அது வஞ்சகமாகிறது. நல்ல காரணம் இருந்தது என்ற வாதமும் மறைத்ததற்கு விடையாகாது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வணிகம் செய்தவர்கள். ஹிஜ்ரி 150-இல் மறைந்தவர்கள். குறையுள்ள துணியொன்றைத் தம் கூட்டாளியிடம் அனுப்பி, அக்குறையைச் சொல்லி விற்குமாறு பணித்தார்கள் என்றும், அவர் மறதியால் சொல்லாமல் விற்றுவிட, வாங்கியவரைக் கண்டறிய இயலாத நிலையில் அவ்விற்பனைப் பணத்தை இமாம் தருமம் செய்துவிட்டார்கள் என்றும் அவர்களது வரலாறு கூறும். அங்கே மறைக்கும் நோக்கம்கூட இல்லை, மறதிதான். ஆயினும் சொல்லப்படாத குறையின் விலையைத் தம் கையில் வைத்திருக்க அவர்கள் உளம் ஒப்பவில்லை.

குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்க முடிந்த காலம் அது. கைப்பேசிக்குள் எவர் கைவிட்டுப் பார்ப்பது? 2017-இல் அதைச் செய்தவர்கள் அளவீட்டோடு வந்த ஒரு பயனாளியும் ஒரு மென்பொருள் உருவாக்குநருமே என்பது எண்ணத்தக்கது.

சொன்னதால் விளைந்தது

உண்மை வெளிப்பட்டதன் பயன் விரைவில் தெரிந்தது. 2019 ஜனவரி 2-ஆம் நாள் ஆப்பிளின் தலைவர் டிம் குக் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில், வருமானம் எதிர்பார்த்ததினும் குறைந்ததற்குரிய காரணங்களுள் ஒன்றாக, மலிவு விலையில் பலர் பேட்டரி மாற்றிக்கொண்டதையும் குறிப்பிட்டார். காரணத்தை அறிந்தவர்களுள் பலர் புதிது வாங்காமல் பழையதையே வைத்துக்கொண்டனர் என்பதே அதன் பொருள். அறியாமலே முன்னர்ப் புதிது வாங்கியவர்கள் இழந்தது எவ்வளவு என்பதையும் அக்கடிதம் மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விதிகள் இறுகியுள்ளன. அங்கு விற்கப்படும் கைப்பேசியின் பேட்டரி 800 முறை மின்னேற்றிய பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவைக் காக்க வேண்டும். விற்பனை நிறுத்தப்பட்ட பின்னும் ஐந்தாண்டுகள் இயங்குதள அப்டேட்டுகள் கிடைக்க வேண்டும்.

நம் இல்லங்களுக்கும் இவ்வரலாற்றில் பாடமுண்டு. பெரிய அப்டேட் முடிந்த முதற் சில நாட்களில் கருவி படங்களையும் கோப்புகளையும் உள்ளுக்குள் மீண்டும் அடுக்குவதால் மந்தமாவது இயல்பு, பொறுத்திருந்தால் தெளியும். தெளியாவிடில், நினைவகம் நிரம்பியுள்ளதா, பேட்டரி மூத்துவிட்டதா என்று முதலில் பார்க்கட்டும். சில ஆயிரம் ரூபாயில் தீரும் நோய்க்குப் பல்லாயிரம் ரூபாயை இறைப்பது வீண்விரயம். அதை நம் மார்க்கம் வெறுக்கிறது.

வணிகம் செய்வோர் நம்மிடையே மிகுதி. கடை சிறியதாயினும், கம்பெனி உலகளாவியதாயினும் அளவுகோல் ஒன்றே: நனைந்த தானியம் மேலே இருக்கட்டும். வாங்குபவன் அதைக் கண்டபின்னும் வாங்கினால் அந்தக் காசில் பரக்கத் உண்டு.