புயலை முன்னறிதல்: மாலுமியின் அறிவு வளர்ந்த கதை

ஐப்பசி பிறந்துவிட்டால் குருவிகுளத்துக் கரிசல் நிலத்தில் எல்லோர் கண்ணும் வானத்தையே நோக்கும். மானாவாரிப் பயிர்களுக்கு வடகிழக்குப் பருவமழையே ஆதாரம். அம்மழையைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் வங்கக் கடலின் தாழ்வு நிலைகளுக்குப் பெரும் பங்குண்டு. அந்நாட்களில் வானிலை எச்சரிக்கை வரும்போதெல்லாம் நம்மிடையே ஒரு வினா எழுகிறது: மறைவானவற்றை அறிபவன் இறைவன் ஒருவனே என்றிருக்க, நாளைய மழையைச் சொல்லும் அறிக்கையை நம்பலாமா? இதற்கு வரலாறு தெளிவான விடை தருகிறது.

கப்பலோட்டுபவரை நாம் ‘மாலுமி’ என்கிறோம். இது ஆசான் எனப் பொருள்படும் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. பருவத்தைக் குறிக்கும் ‘மவ்சிம்’ என்ற அரபுச் சொல்லே ‘மான்சூன்’ ஆயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் அரபு மாலுமி இப்னு மாஜித், எத்துறையிலிருந்து எக்காலத்தில் பாய் விரிக்க வேண்டும் என்பதை நூலாகவே எழுதி வைத்தார். பருவக்காற்றின் ஒழுங்கை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். புயலின் உள்ளமைப்போ அன்று எவருக்கும் புலப்படவில்லை.

அதனை ஆராய்ந்தவருள் ஒருவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளை அவர் திரட்டினார். காற்றின் திசையையும் காற்றழுத்தமானியின் அளவுகளையும் ஒப்பிட்டு, புயல் ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வதை விளக்கினார். 1848இல் மாலுமிகளுக்காக வெளியிட்ட நூலில் அதற்குச் ‘சைக்ளோன்’ என்று பெயரிட்டார். வெப்பமான கடலிலிருந்து எழும் நீராவி மேலே குளிர்ந்து மேகமாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால் கீழே அழுத்தம் குறைகிறது. அங்கே விரையும் காற்றைப் புவியின் சுழற்சி வளைத்துவிடுகிறது. நம் கடலில் அச்சுழல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அமையும்.

மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் அமைத்தால் புயலலை அதனை அழித்துவிடும் என்று 1853இல் பிடிங்டன் அரசை எச்சரித்தார். எவரும் செவிசாய்க்கவில்லை. கட்டப்பட்ட துறைமுகம் 1867ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தது. அதற்கு முன்பே, 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. மறு ஆண்டே அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது.

நம் கரையில் 1964 டிசம்பர் 22 இரவை மறக்க இயலாது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற ரயிலைக் கடலலை விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் மாண்டனர். இன்றோ செயற்கைக்கோள்கள் நடுக்கடலிலேயே புயலைக் கண்டுவிடுகின்றன. 2002இல் சென்னையில் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார், மேகத்துக்குள் வீசும் காற்றின் வேகத்தையும் அளக்கிறது. இதன் பயன் என்ன? 1999இல் ஒடிசாவின் பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இறந்தனர். 2013இல் அதே மாநிலத்தைப் பைலின் புயல் தாக்கியபோது, முன்னெச்சரிக்கையாக இலட்சக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டிருந்தனர். உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது.

எனினும் கணிப்புக்கு எல்லை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் வெள்ளம் சூழ்ந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கனமழை எச்சரிக்கை இருந்தது. இந்த அளவை அறிக்கைகள் முன்கூட்டிச் சொல்லவில்லை.

எனவே, முன்னறிவிப்பு மறைவானவற்றை அறியும் உரிமைகோரல் அன்று. அது இறைவன் வைத்த ஒழுங்கைப் பலர் கண்டு, குறித்து, கூடிக் கணக்கிட்ட மதிப்பீடு, தவறவும் கூடும். தவறக்கூடும் என்பதற்காக அதனைப் புறக்கணிப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனைச் சார்ந்திருக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதை நாம் அறிவோம். எச்சரிக்கை வந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அதனை ஊருக்குச் சொல்வோம். தாழ்ந்த இடத்தில் வாழ்வோரையும் கால்நடைகளையும் மேட்டுக்குக் கொண்டுசேர்ப்போம். அதன்பின் கையேந்தி துஆச் செய்வோம்.