மூளையில் தேங்கும் நீரும் பொகோட்டா மருத்துவரும்

வயதானவருக்கு நடை தளர்ந்தால் "வயசாச்சு" என்கிறோம். சிறுநீரை அடக்க முடியாமல் போனாலும் அதே பதில். மறதி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து வந்தால், அது வெறும் மூப்பாக இல்லாமல் தீர்க்கக்கூடிய நோயாகவும் இருக்கலாம் என்று காட்டியவர் கொலம்பியா நாட்டு மருத்துவர் சலோமோன் ஹாகிம். லெபனானிலிருந்து போய்க் குடியேறிய குடும்பத்தில் 1922-இல் பிறந்தவர்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். மூளைக்குள் நான்கு அறைகள் உண்டு. அங்கே தெளிந்த நீர் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் சுரக்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி வந்து ரத்தத்தில் கலந்துவிடுகிறது. எந்நேரமும் உள்ளே இருப்பது 150 மில்லி லிட்டர் அளவுதான். இந்த நீர் வடியாமல் தேங்கினால் அறைகள் பெருத்துவிடும். இதுதான் ஹைட்ரோசெபலஸ். கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்று சேராததால் தலையே பெருத்து, பார்த்தவுடன் தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு மண்டையோடு இறுகிவிட்டதால் வெளியே ஒன்றும் தெரியாது.

1957-இல் பொகோட்டா நகரில் 16 வயதுப் பையன் ஒருவனுக்கு ஹாகிம் சிகிச்சை அளித்தார். விபத்தில் தலையில் அடிபட்டவன். அறுவை சிகிச்சை செய்தும் பேச்சு வரவில்லை. மூளை அறைகள் பெருத்திருந்தன. ஆனால் நீரின் அழுத்தத்தை அளந்தால் சாதாரணமாகவே இருந்தது. பரிசோதனைக்காக 15 மில்லி லிட்டர் நீரை எடுத்தார். மறுநாள் அந்தப் பையன் சில வார்த்தைகள் பேசினான்!

அழுத்தம் சரியாக இருக்கும்போது நீரை எடுத்தால் ஏன் குணம் தெரிய வேண்டும்? ஹாகிம் விடையைத் தேடியது பாஸ்கலிடம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்குப் பாஸ்கல் பாடப்புத்தகத்துப் பழைய தோழர். அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை. அறை பெருத்துவிட்டால் அதன் சுவரின் பரப்பு கூடிவிடுகிறது. அப்புறம் சாதாரண அழுத்தமே போதும், மூளையை அதிக விசையோடு நெருக்குவதற்கு. பள்ளிக்கூடத்துப் பௌதிகம், நோயாளியின் படுக்கையருகே வந்து நின்றது.

1965-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ரேமண்ட் ஆடம்ஸ் முதலானோருடன் சேர்ந்து, அமெரிக்க மருத்துவ இதழில் ஹாகிம் இதை வெளியிட்டார். தேங்கிய நீர் அளவோடு வடிவதற்கான வால்வு ஒன்றையும் அவரே வடிவமைத்தார். மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் செலுத்தி, மூளை நீரை வயிற்றுக்குள் இறக்கும் சிகிச்சை இன்றும் நடக்கிறது. 'ஷன்ட்' என்பார்கள்.

மறதிக்காரர் எல்லோருக்கும் இந்த நோய் இல்லை. அல்சைமர் வேறு, இது வேறு. இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஷன்ட் வைத்தவர் எல்லோரும் குணமாவதும் இல்லை. பெரும்பாலும் முதலில் கெடுவது நடைதான்: கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல, அகட்டி வைத்துச் சிறு சிறு அடியாக நடப்பார்கள். சிகிச்சையில் நன்றாகத் தேறுவதும் அந்த நடையே. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மில்லி லிட்டர் நீரை எடுத்துவிட்டு, நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். நடை தேறினால் ஷன்ட் பலன் தர வாய்ப்பு அதிகம்.

நம் வீட்டில், நம் தெருவில் அப்படி நடப்பவர் யாராவது இருந்தால், நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப் போங்கள். "வயசாச்சு" என்பதை அவர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.