அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளில் குற்றப் பின்னணிச் சோதனை

அமெரிக்காவில் தீயணைப்பு வேலைக்கு விண்ணப்பிப்பவர் மீதும், பணியில் இருப்பவர் மீதும் கைது, வழக்கு, தண்டனை ஏதும் உண்டா என்று அரசுப் பதிவேடுகளில் தேடிப் பார்க்கும் நடைமுறை இது. இதற்கென நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் கிடையாது. மாநிலமும் நகரமும் தத்தம் விதிகளை வகுத்துக்கொள்கின்றன. ஓரிடத்தில் பத்து விரல்களின் ரேகையும் கட்டாயம். வேறோரிடத்தில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்துத் தேடினால் போதும். அந்நாட்டில் தீயணைப்பாளர்கள் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் என்பதும் இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு காரணம். ஆள் கிடைப்பதே அரிதாக இருக்கும் சிற்றூர் நிலையத்தில் கெடுபிடி காட்டுவது எளிதல்ல.

சோதனைக்குச் சொல்லப்படும் நியாயம் வேலையின் தன்மையிலேயே இருக்கிறது. தீயணைப்பாளர் நள்ளிரவில் முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறார். மயங்கிக் கிடப்பவரின் உடலைத் தொடுகிறார். வீட்டுக்காரர் வெளியே நிற்க, அவர் வீட்டு நகையும் பணமும் இவர் கண்ணெதிரே கிடக்கின்றன. துறைக்கு வரும் அழைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவி கேட்டு வருபவை. மார்பின், ஃபென்டனில் போன்ற வலிநீக்கிகள் வண்டியிலேயே பூட்டிய பெட்டியில் இருக்கும் துறைகளும் உண்டு. ஆகவே திருட்டு, போதைப்பொருள், பாலியல் குற்றம், தீவைப்பு ஆகிய நான்கும் தனியே கவனிக்கப்படுகின்றன. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கும் சேரும். பல டன் எடையுள்ள தீயணைப்பு வண்டியைச் சிக்னல் தாண்டி ஓட்டப்போகிறவர் அல்லவா?

ஜான் ஆர் வழக்கு

தீயை அணைக்க வந்தவரே தீ வைத்தவர் என்ற நிலை அரிது. ஆனால் நடக்கும்போது அது துறையின் நம்பிக்கையையே அசைத்துவிடுகிறது. இதில் அதிகம் பேசப்படுவது ஜான் ஆர் வழக்கு. கலிஃபோர்னியாவின் க்ளென்டேல் நகரத் தீயணைப்புத் துறையில் கேப்டனாக இருந்த அவர், தீவைப்பு வழக்குகளைத் துப்புத் துலக்குவதில் பெயர் பெற்றவர். 1984 அக்டோபர் 10 அன்று தெற்குப் பாசடேனாவில் ‘ஓலிஸ் ஹோம் சென்டர்’ என்ற கடை எரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் இரண்டு வயதுக் குழந்தை.

1987 ஜனவரியில் தீவைப்புப் புலனாய்வாளர்கள் ஃப்ரெஸ்னோ நகரில் மாநாடு கூடினார்கள். அந்த நாட்களில் ஃப்ரெஸ்னோவிலும் அதன் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களிலும் கடைகள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. பேக்கர்ஸ்ஃபீல்டில் எரிந்த கடையொன்றில் சிகரெட், தீக்குச்சிகள், ரப்பர் பேண்டு, கோடு போட்ட மஞ்சள் காகிதம் ஆகியவற்றால் செய்த ஒரு பற்றவைப்புக் கருவி பாதி கருகிய நிலையில் கிடைத்தது. காகிதத்தில் ஒரு விரல் ரேகை தப்பியிருந்தது. அவ்வூர்ப் புலனாய்வாளர் மார்வின் கேசி, மாநாட்டுக்கு வந்தவர்களில் ஒருவரே இதைச் செய்திருக்க வேண்டும் என்றார். சக அதிகாரிகள் நம்ப மறுத்தார்கள். 1989-இல் இன்னொரு மாநாட்டை ஒட்டிக் கடலோர ஊர்களில் அதே கதை நடந்தது. இரண்டு மாநாடுகளுக்கும் வந்த சிலரின் ரேகைகளை ஒப்பிட்டபோது பொருந்தவில்லை என்றே முடிவு வந்தது. 1991 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி ஷெரிஃப் துறையின் கணினியில் மீண்டும் தேடியபோதுதான் காகிதத்தில் இருந்த ரேகை ஆரின் இடது கை மோதிர விரலோடு பொருந்தியது. 1971-இல் அவர் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். வேலை கிடைக்கவில்லை, ரேகை மட்டும் கோப்பில் தங்கிவிட்டது. 1992-இல் தீவைப்புக்காகவும், 1998-இல் ஓலிஸ் கடையில் நேர்ந்த நான்கு கொலைகளுக்காகவும் அவர் தண்டிக்கப்பட்டார். இரண்டாவது, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை.

பின்னணிச் சோதனை எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஆர் மீது பழைய தண்டனை எதுவும் இல்லாததால், வேலைக்கு எடுக்கும் நாளில் எத்தனை முறை தேடியிருந்தாலும் அவர் தேறியிருப்பார். ஏற்கெனவே பிடிபட்டவரைத்தான் பதிவேடு காட்டும்.

மாநிலச் சட்டங்கள்

தீயணைப்பாளர்களே தீ வைத்த வழக்குகள் 1990-களில் தென் கரோலினாவில் வரிசையாக வந்தன. 2001 முதல் அங்கே தீயணைப்புப் பணியில் சேருமுன் குற்றப் பதிவுச் சோதனை சட்டப்படி கட்டாயம். தன்னார்வலருக்கும் இது பொருந்தும். நியூயார்க் மாநிலத்தில் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் சேர விரும்புபவர் தீவைப்புக்காகத் தண்டிக்கப்பட்டவரா என்று தேடும் ஏற்பாடு உண்டு; பாலியல் குற்றவாளிப் பட்டியலும் பின்னர் அதில் சேர்ந்தது. திருட்டு வழக்கில் உள்ளே போய் வந்தவரைப் பற்றி அந்தத் தேடல் வாய் திறக்காது. குறுகிய தேடல்தான், ஆனாலும் சிற்றூர்க் குழுக்களால் செய்யக்கூடியது.

மாநிலங்கள் தனித்தனியே சட்டம் இயற்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1972-இல் வந்த மத்தியச் சட்டத்தின்படி, வேலைக்காகவோ உரிமத்துக்காகவோ மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் பதிவேட்டைத் திறந்துகாட்ட வேண்டுமானால், அந்தச் சோதனைக்கு இடம் தரும் மாநிலச் சட்டம் ஒன்று இருக்க வேண்டும்.

ரேகை எடுப்பது

கலிஃபோர்னியாவில் சோதனைக்காக ரேகை எடுப்பதற்கு ‘லைவ் ஸ்கேன்’ என்று பெயர். விண்ணப்பதாரர் துறை கொடுத்த படிவத்தோடு காவல் நிலையத்துக்கோ, அனுமதி பெற்ற கடைக்கோ போகிறார். பார்சல் அனுப்பும் கடைகளிலும் இந்தக் கருவி இருக்கும். மை கிடையாது, கண்ணாடித் தட்டில் விரல்களை வைத்து உருட்டினால் படம் நேரே மாநில நீதித்துறைக்குப் போகும், அங்கிருந்து எஃப்.பி.ஐ.க்கு. படிவத்தில் ஒரு எண் அச்சாகும். அதை வைத்து நிலவரம் பார்த்துக்கொள்ளலாம். செங்கல், சிமென்ட் வேலை செய்து ரேகை தேய்ந்தவர்களின் படம் சில வேளை ஏற்கப்படாது. இரண்டு முறை திரும்பிவிட்டால் பெயரை வைத்துத் தேடுவார்கள்.

வந்து சேரும் பதிவு எப்போதும் முழுமையாக இருப்பதில்லை. கைதான நாள் இருக்கும், வழக்கு தள்ளுபடியான செய்தி இருக்காது. நீதிமன்றம் எழுதி அனுப்பாமல் விட்டதற்கு விண்ணப்பதாரர் அலைய வேண்டியிருக்கிறது. தன் பதிவைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் அவருக்கு உரிமை உண்டு. தனியார் நிறுவனம் மூலம் அறிக்கை வாங்கினால் 1970-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் குறுக்கே வரும்: முன்னதாக எழுத்தில் சம்மதம் பெற வேண்டும், அறிக்கையை வைத்து மறுப்பதற்கு முன் அதன் நகலைக் கொடுக்க வேண்டும்.

பழைய தண்டனையை எடைபோடுவது

தண்டனை பெற்ற எவருக்கும் வேலை இல்லை என்று ஒரே அடியாக மூடிவிட முடியாது. 1970-களில் பக் கிரீன் என்ற கறுப்பின இளைஞர் மிசௌரி பசிபிக் ரயில்வேயில் எழுத்தர் வேலை கேட்டார். ராணுவத்தில் சேர மறுத்ததற்காக 21 மாதம் சிறையில் இருந்தவர் அவர். நிறுவனம் மறுத்தது. அத்தகைய முழுத்தடை கறுப்பினத்தவரைக் கூடுதலாகப் பாதிக்கிறது என்று கூறி, 1975-இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. குற்றத்தின் தன்மை, கடந்துபோன காலம், கேட்கும் வேலை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்ற நெறி அவ்வழக்கிலிருந்து வளர்ந்தது. சம வேலைவாய்ப்பு ஆணையம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே பின்பற்றியது. நியூயார்க் 1976-லேயே தன் சட்டத்தில் இதை விரிவாக எழுதிவைத்தது. கலிஃபோர்னியாவில் 2018 முதல், நிபந்தனையுடன் வேலை தருவதாகச் சொன்ன பிறகே பெரும்பாலான பணியிடங்களில் தண்டனை பற்றிக் கேட்கலாம்.

சிறை முகாம்கள்

இந்த நெறிகளெல்லாம் மிகக் கடுமையாகச் சோதனைக்குள்ளாகும் இடம் கலிஃபோர்னியாவின் சிறைக்கைதிகளுடைய தீயணைப்பு முகாம்கள்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறையால் தொடங்கிய வழக்கம் இது. கைதிகள் விரும்பிச் சேர்கிறார்கள். தீவைப்புக்காகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு இடமில்லை. காட்டுத்தீ வரும் பாதையில் புதரை வெட்டி, மண்ணைச் சுரண்டித் தடுப்புக்கோடு போடுவது இவர்கள் வேலை. முதுகை முறிக்கும் வேலை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் களத்தில் இருந்தார்கள். அப்போது இவர்களின் அதிகபட்ச நாட்கூலியே பத்து டாலருக்குக் கொஞ்சம் மேல்தான். தீ எரியும் நேரத்துக்கு மணிக்கு ஒரு டாலர் கூடுதல்.

விடுதலையானபின் இவர்களில் பலர் நகரத் தீயணைப்புத் துறை வாசலில் நின்றுபோனார்கள். தடுத்தது பெரும்பாலும் துறையல்ல, அவசர மருத்துவ உதவியாளர் சான்றிதழ். நகரத் துறைகள் அதைக் கேட்கின்றன. மாநில விதியோ பெருங்குற்றம் இரண்டோ அதற்கு மேலோ செய்தவருக்கு அதை வாழ்நாள் முழுவதும் மறுத்தது. ஒன்றே செய்தவரும் விடுதலையாகிப் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. தீயில் நிற்கத் தகுதியானவர் என்று அரசே பயிற்சி கொடுத்து அனுப்பியவர்களை அதே அரசு வேலைக்கு ஆகாதென்றது வினோதம்தான். 2020 செப்டம்பரில், மாநிலம் எரிந்துகொண்டிருந்த நாட்களில், ஆளுநர் கேவின் நியூசம் ஏ.பி. 2147 என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். முகாமில் ஒழுங்காகப் பணி செய்தவர் விடுதலைக்குப் பின் தன் தண்டனையை நீக்கக் கோரி நீதிமன்றத்தில் மனு போடலாம். கொலை, கடத்தல், பாலியல் குற்றங்கள், தீவைப்பு முதலியவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. நீதிபதி மறுக்கவும் செய்யலாம். வழக்கறிஞர் வைத்து மனு எழுதிப் போட வேண்டிய இந்தப் பாதையில் எல்லோராலும் நடக்க முடிவதில்லை.

பணியில் இருப்பவர்கள்

வேலைக்குச் சேர்ந்த பிறகும் ரேகை கோப்பில் இருக்கும். கலிஃபோர்னியாவில் ஊழியர் பின்னாளில் கைதானால் மாநில நீதித்துறை தானாகவே அவர் துறைக்குத் தகவல் அனுப்பும். அவர் வேலையை விட்டுப் போனால், இனி இவரைப் பற்றிய தகவல் வேண்டாம் என்று துறை எழுதிக் கொடுக்க வேண்டும். எஃப்.பி.ஐ.யும் ‘ராப் பேக்’ என்ற பெயரில் இதே போன்ற சேவை தருகிறது.

கைது என்பது தண்டனை அல்ல என்பதால் உடனே வேலை போய்விடாது. விசாரணை முடியும்வரை விடுப்பிலோ அலுவலக வேலையிலோ வைப்பதுண்டு. நிரந்தர அரசு ஊழியரை நீக்குமுன் குற்றச்சாட்டைச் சொல்லி அவர் பதிலைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே பின்னணிச் சோதனையில் பிறந்ததுதான். கிளீவ்லாந்து பள்ளி வாரியத்தில் காவலராக இருந்த லௌடர்மில், தனக்குப் பெருங்குற்றத் தண்டனை இல்லை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். 1968-ஆம் ஆண்டுத் திருட்டு வழக்கு பிற்பாடு வெளிவந்ததும் பொய் சொன்னதாக நீக்கப்பட்டார். அதைச் சிறுகுற்றம் என்றே நினைத்திருந்ததாக அவர் சொன்னார்; அதைச் சொல்ல நீக்கத்துக்கு முன் யாரும் இடம் கொடுக்கவில்லை. கலிஃபோர்னியாத் தீயணைப்பாளர்களுக்கு 2008 முதல் தனி உரிமைச் சட்டமும் உண்டு: விசாரிக்கப்படும்போது பிரதிநிதியை உடன் வைத்துக்கொள்ளலாம்; நடவடிக்கைக்கு ஓராண்டுக் காலவரம்பும் இருக்கிறது. தன்னார்வலருக்கு இத்தகைய காப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை.