வீட்டு மீடியா சர்வர்: ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கதை உண்டு



கேசட்டிலிருந்து மாற்றி வைத்த கல்யாண வீடியோ, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழா, பல வருடப் போட்டோக்கள், காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள், படங்கள். இவை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேர்த்து, வீட்டின் எந்த டிவியிலும் போனிலும் பார்க்க வைப்பதுதான் ஹோம் மீடியா சர்வர். அதற்கு என்ன பாகங்கள் வாங்குவது என்று கேட்டால் கடைக்காரர் விலைப்பட்டியல் தருவார். யார் எங்கே அடிபட்டார்கள் என்று வரலாறு சொல்லும். இரண்டையும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.

ஒரு டன் எடையில் தொடக்கம்

உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐபிஎம் நிறுவனம் 1956-ல் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், அதாவது இன்றைய போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் அளவுதான். 1980-ல் சீகேட் நிறுவனம் 5 எம்பி டிஸ்க்கை மேசைக் கணினிக்குள் அடங்கும் அளவுக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் இன்று வரை டிஸ்க் பெரிதாகிக்கொண்டும் மலிவாகிக்கொண்டும் வருகிறது. மாறாதது ஒன்றே: எந்த டிஸ்க்கும் ஒரு நாள் நின்றுபோகும்.

ரெய்டு என்றால் என்ன?

இது வருமான வரி ரெய்டு அல்ல! விலை குறைந்த பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் மற்றவை தாங்கும்படி அமைக்கும் முறை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 1988-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு இந்தப் பெயரைக் கொடுத்தார்கள்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. ரெய்டு, பேக்கப் ஆகாது. கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். வைரஸ் வந்தாலும் அதே கதைதான்.

மைக்ரோசாஃப்ட் தந்த பாடம்

வீடுகளுக்கென்றே ஒரு சர்வர் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் 2007-ல் கொண்டுவந்தது. பெயர் விண்டோஸ் ஹோம் சர்வர். வெவ்வேறு அளவுள்ள டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் இருந்த சர்வர்களில், சில மென்பொருள்கள் மூலம் திருத்திய ஃபைல்கள் கெட்டுப்போயின. போட்டோ மென்பொருளும் அந்தப் பட்டியலில் இருந்தது. திருத்தம் 2008 ஜூலையில்தான் வந்தது. 2010 நவம்பரில், டிஸ்க்குகளைச் சேர்க்கும் அந்த வசதியையே அடுத்த பதிப்பிலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். பெரிய பெயரை நம்பி ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பது ஆபத்து என்பது அப்போது தெரிந்தது.

வெள்ளமும் விலையும்

2011-ல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்தது. உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. டிஸ்க் பழுதான பிறகு மாற்று தேடினால், சொன்ன விலைதான் விலை. வெள்ளம் இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. சர்வரும் பேக்கப்பும் ஒரே அலமாரியில் இருந்தால், தண்ணீரோ தீயோ வரும்போது இரண்டும் சேர்ந்தே போகும். 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிராசசர்: பெரியது வேண்டாம்

டிவிக்குப் புரியாத வடிவில் வீடியோ இருந்தால், சர்வர் அதை ஓடும்போதே மாற்றித் தர வேண்டும். முன்பு இதற்குச் சக்தி வாய்ந்த பிராசசர் தேவைப்பட்டது. 2011 ஜனவரியில் இன்டெல் தன் பிராசசருக்குள்ளேயே இதற்கென ஒரு தனிப் பகுதியை வைத்தது. குவிக் சிங்க் என்று பெயர். அதன் பிறகு நிலைமை மாறிவிட்டது. 2023-ல் வந்த என்100 போன்ற 6 வாட் சிப்பே ஒரு குடும்பத்துக்குப் போதும்.

கரண்ட் பில்லையும் பாருங்கள். பழைய மேசைக் கணினி 100 வாட் இழுத்து நாள் முழுக்க ஓடினால் 60 நாளில் 144 யூனிட். 20 வாட் பெட்டி என்றால் சுமார் 29 யூனிட். "சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்தானே" என்று ஓடவிடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியின் மேல் எழுதாதது

2020-ல் இன்னொரு செய்தி வெளியானது. சர்வருக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில், 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்களில் எஸ்எம்ஆர் என்ற முறை இருந்தது. வாங்கியவர்களுக்கு அது சொல்லப்படவில்லை. இதில் தடங்கள் கூரை ஓடுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். படிக்கும்போது தொல்லை இல்லை. தொடர்ந்து எழுதும்போது மிக மெதுவாகிவிடும். பழுதான டிஸ்க்குக்குப் பதில் புதியதைப் போட்டு ரெய்டை மீட்கும் நேரத்தில் இது பெரும் சிக்கல். எனவே கடையில் "இது சிஎம்ஆரா?" என்று கேட்டு, மாடல் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள்.

சுருக்கமாக

பிராசசரில் மிச்சம் பிடியுங்கள், டிஸ்க்கில் பிடிக்காதீர்கள். கரண்ட் போய் வரும்போது எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் கெடாமல் இருக்க ஒரு சிறிய யூபிஎஸ் அவசியம். மென்பொருளுக்குச் செலவில்லை, 2018 டிசம்பரில் தொடங்கிய ஜெல்லிஃபின் இலவசம். மிச்சமாகும் பணத்தில் தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, போட்டோக்களையும் குடும்ப வீடியோக்களையும் அதில் பிரதி எடுத்து, அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதியவற்றைச் சேர்த்துவிடலாம்.

சினிமாவை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோ எந்தக் கடையிலும் கிடைக்காது.