ஆச்சியின் பிடியரிசிப் பானை

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொழும்பு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற வேளை, அயல்வீட்டு இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "மூன்று மாதத்துக்குரிய உணவை வீட்டில் சேமித்துவைக்க வேண்டும், ஐயா. ஆனால் கையில் பணமில்லை. என்ன செய்யலாம்?" என்று கேட்டார். அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தையும் தாண்டியது. பணமில்லாதபோது சேமிப்பது எப்படி என்ற அக்கேள்வி, இந்த நாட்டில் புதிதல்ல.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவின் அரிசியை நம்பியிருந்த இலங்கை, அதே ஆண்டில் பங்கீட்டு முறைக்குச் சென்றது. அன்று தொடங்கிய கூப்பன் அரிசி, அடுத்த மூன்றரைத் தசாப்தங்களாக அரசியலையே ஆட்டிவைத்தது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பின்னர் பதவி துறந்தார். 1979இல் உணவு முத்திரைத் திட்டம் கூப்பனின் இடத்தைப் பிடித்தது.

எனது ஆச்சி கூப்பனை மதித்தார்; ஆனால் நம்பியிருக்கவில்லை. சங்கக்கடை அரிசி வந்தால் வரட்டும் என்பார். உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து நாள்தோறும் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இடுவார். ஒரு பிடி 50 கிராம் என்று கொண்டால், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ; ஆண்டுக்கு 18 கிலோ. அந்த ஒரு பிடியின் குறைவு எவருடைய வயிற்றுக்கும் தெரிந்ததில்லை.

மற்றையவை பருவத்தின் கணக்கு. தை, மாசியில் அறுவடையான நெல் கொம்பறைக்குப் போகும். பனம்பழக் காலத்தில் பழச்சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பினாட்டு. விதைகளைப் பாத்தியில் புதைத்து, சில மாதங்களின் பின் கிழங்கைக் கிண்டிப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். வெயில் காலத்தில் மோர் மிளகாய், வேப்பம்பூ வடகம், கருவாடு. பயறுக்குள் காய்ந்த வேப்பிலை. எல்லாம் மலிந்து கிடக்கும் நாளில் சேர்த்தவை. ஆதலால் பணம் அதிகம் தேவைப்படவில்லை.

எனினும் இச்சேமிப்புக்கு நிலம் வேண்டும், கூரை வேண்டும். 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் செழித்தனர். அதே காலத்தில், 1973-74இல், மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். அன்றாடக் கூலியும் பங்கீடும் தவிர வேறெதுவுமற்ற லயன் அறையில் எதைச் சேமிப்பது? எங்கே வைப்பது? எமது கொம்பறைகளின் பெருமையைப் பேசுகையில் இதனை மறந்துவிடக் கூடாது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கு மீது பொருளாதாரத் தடை இறுகியது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி, பசளை யாவும் அரிதாயின. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் அருந்தினோம். ஒடியற் கூழும் ஒடியல்மாப் பிட்டும் பல வீடுகளின் பசியை ஆற்றின. ஆச்சியின் பானை அப்போதுதான் பேசத் தொடங்கியது எனலாம்.

ஆனால் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் மழையில் வீதிக்கு வந்தது. கொம்பறையைச் சுமக்க முடியாது. ஆச்சி வாசலில் நின்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். பின்னர் பிடியரிசியை ஒரு பையிலும் புழுக்கொடியலை இன்னொரு பையிலும் கட்டினார். நாவற்குழிக்கு அப்பால், அடுப்பு மூட்ட வழியற்ற இரண்டு நாட்கள், அந்தப் புழுக்கொடியலைத்தான் மென்றோம். ஆச்சி அருகில் இருந்த முன்பின் அறியாத குடும்பத்துக்கும் பங்கிட்டார். மறு ஆண்டு நாம் திரும்பியபோது கொம்பறை வெறுமையாக இருந்தது.

அந்த இளைஞருக்கு நான் கூறியது இவ்வளவே. ஒரே நாளில் மூட்டை மூட்டையாக வாங்காதீர்கள். அது மற்றவரின் பங்கைப் பறிப்பது, விலையையும் ஏற்றுவது. வழமையாக உண்பவற்றில் வாரத்துக்கு ஒன்றை மட்டும் சற்று மேலதிகமாக வாங்குங்கள்: இவ்வாரம் புழுங்கலரிசி, அடுத்த வாரம் பருப்பு, பிறகு நெத்தலிக் கருவாடு, உப்பு, புளி. பழையதை முதலில் எடுத்துச் சமைத்து, புதியதைப் பின்னால் வையுங்கள். அடுப்பில்லாமல் உண்ணக்கூடிய ஏதேனும் சிறிதளவு இருக்கட்டும். ஒரு பங்கு, தூக்கிச் செல்லக்கூடிய பையில் இருக்கட்டும்.

வீட்டுச் சேமிப்பு சில வாரங்களைக் கடக்க உதவும், பஞ்சத்தைத் தடுக்காது. அதைத் தடுப்பது அரசின் கடமை. அக்கடமை தவறிய நாட்களில் பிடியரிசி எமக்குக் கைகொடுத்தது என்பதற்காக, தவறியவர்களை நாம் மன்னித்துவிட வேண்டியதில்லை.