முதலமைச்சர் கனவும் மூன்று விருப்பு வாக்குகளும்: கிழக்கு மாகாண சபைத் தேர்தல்களில் ஹிஸ்புல்லாஹ்

பெரியகல்லாறில் பத்தாம் தரத்துக்குக் குடியுரிமைக் கல்வி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாகாண சபை பற்றிய பகுதி வந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "சேர், எங்கட மாகாண சபை மெம்பர் ஆரு?" என்று கேட்டான். "யாரும் இல்லை" என்பதே சரியான பதில். 2017 செப்டம்பர் 30ஆம் திகதியோடு கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை.

அந்தச் சபைக்காக நம் மாவட்டத்தில் நடந்த போட்டிகள் இன்றைய பிள்ளைகளுக்குக் கதையாகக்கூடத் தெரியாது. அவற்றில் முக்கியமானது, காத்தான்குடியைச் சேர்ந்த எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ் 2008இல் முதலமைச்சர் பதவியை இலக்கு வைத்து நடத்திய போட்டி. அதை இங்கே பதிவு செய்வது அவரைப் புகழ்வதற்கோ இகழ்வதற்கோ அல்ல. வாக்காளர் அளிக்கும் வாக்கு எதைத் தீர்மானிக்கிறது, எதைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அது நல்ல பாடம் என்பதற்காகவே.

2008இன் பின்னணி

இணைந்திருந்த வடக்கு - கிழக்கு மாகாணத்தை உயர் நீதிமன்றம் 2006 ஒக்டோபரில் அளித்த தீர்ப்பு பிரித்தது. 2007 ஜனவரியிலிருந்து கிழக்கு தனி மாகாணமானது. அதற்கான முதல் தேர்தல் 2008 மே 10இல் நடந்தது. உறுப்பினர் தொகை 37. அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, மாகாணத்தில் முதலிடம் பெறும் கட்சிக்குப் போனஸ் 2.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு போட்டியிடவில்லை. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஐக்கிய தேசியக் கட்சியுடன் சேர்ந்து யானைச் சின்னத்தில் இறங்கியது. அதற்காக ரவூப் ஹக்கீம், பஷீர் சேகுதாவூத், ஹசன் அலி ஆகிய மூவரும் பாராளுமன்ற உறுப்பினர் பதவிகளைத் துறந்து மூன்று மாவட்டங்களிலும் களமிறங்கினார்கள். எதிர்த்தரப்பில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின் வெற்றிலைச் சின்னம். மட்டக்களப்பில் அந்த ஒரே பட்டியலில் இருவர் முதலமைச்சர் கனவோடு நின்றார்கள். ஒருவர் ஹிஸ்புல்லாஹ். மற்றவர் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் பிள்ளையான் எனப்படும் சிவநேசதுரை சந்திரகாந்தன்.

ஒரே பட்டியல், இரண்டு பிரசாரம்

மாகாண சபைத் தேர்தலில் வாக்காளர் முதலில் கட்சிக்குப் புள்ளடியிடுகிறார். பின்னர் அக்கட்சியின் வேட்பாளர்களில் மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதை முதல் வாக்கும், அந்த ஆசனங்களில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்கும் தீர்மானிக்கின்றன. முழு மாவட்டமும் ஒரே தேர்தல் களம். கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்ற மூன்று தொகுதிகளும் அதற்குள் அடக்கம். எனவே காத்தான்குடியில் நிற்பவர் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் விருப்பு வாக்குத் தேட வேண்டும். சட்டப்படி அவர் பெரியகல்லாறிலும் தேடலாம். நடைமுறையில் அப்படி யாரும் வருவதில்லை.

இந்த முறையில் பக்கத்தில் நிற்கும் சக வேட்பாளரே முதல் போட்டியாளர் ஆகிறார். 2008இல் வெற்றிலைக்குக் கிடைத்த தமிழ் வாக்கும் முஸ்லிம் வாக்கும் ஒரே பெட்டியில் விழுந்து ஒரே கட்சியின் ஆசனங்களைக் கூட்டின. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் கேட்கப்பட்டது வேறு வேறு வாக்கு. முஸ்லிம் ஊர்களில் "முஸ்லிம் முதலமைச்சர்" என்றும், தமிழ் ஊர்களில் "தமிழ் முதலமைச்சர்" என்றும் ஒரே சின்னம் இரண்டு நம்பிக்கைகளைச் சுமந்தது.

கூட்டமைப்புக்குள் எந்தச் சமூகத்தவர் கூடுதலாகத் தெரிவாகிறார்களோ அச்சமூகத்துக்கே முதலமைச்சர் பதவி என்று தமக்கு வாக்குறுதி தரப்பட்டதாக ஹிஸ்புல்லாஹ் தரப்பு கூறியது. முடிவு வந்தது. கூட்டமைப்புக்கு 20, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 15, ஜே.வி.பி.க்கு 1, தமிழ் ஜனநாயகக் கூட்டணிக்கு 1. மட்டக்களப்பில் கூட்டமைப்பு 6 ஆசனங்களை வென்றது. ஹிஸ்புல்லாஹ்வும் தெரிவானார். ஆனால் மே 16இல் முதலமைச்சராகச் சத்தியப்பிரமாணம் செய்தவர் சந்திரகாந்தன். எதிர்ப்புத் தெரிவித்த ஹிஸ்புல்லாஹ் பின்னர் அதே அமைச்சரவையில் சுகாதார அமைச்சரானார்.

சட்டம் என்ன சொல்கிறது? சபையில் பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரே கட்சியினராக இருந்தால், சபையில் அக்கட்சியின் தலைவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், பெரும்பான்மை ஆதரவைப் பெறக்கூடியவர் என்று ஆளுநர் கருதும் உறுப்பினரை நியமிக்க வேண்டும். "எந்தச் சமூகத்தவர் கூடுதலோ அவருக்கு" என்ற விதி அரசியலமைப்பில் எங்குமே இல்லை. ஆகவே அந்த வாக்குறுதி மீறப்பட்டது என்று முறையிட ஒரு நீதிமன்றமும் இருக்கவில்லை. மேடையில் பேசியது கொழும்பில் தீர்ந்தது.

அந்த ஏமாற்றத்தின் விலையை வேட்பாளர்கள் மட்டும் கொடுக்கவில்லை. முதலமைச்சர் நியமனம் நடந்து சில நாட்களுக்குள் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் தமிழரும் முஸ்லிம்களும் உயிரிழந்தார்கள். பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகவே மக்கள் அஞ்சிய நாட்கள் அவை.

2012: எண்ணிக்கை பேசியது

2012 செப்டம்பர் 8இல் நடந்த இரண்டாவது தேர்தலில் களம் மாறியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் வந்தது. முஸ்லிம் காங்கிரஸ் தனித்து மரச் சின்னத்தில் வந்தது. சுதந்திரக் கூட்டமைப்பு 200,044 வாக்குகளும் தமிழரசுக் கட்சி 193,827 வாக்குகளும் பெற்றன. வித்தியாசம் 6,217 மட்டுமே. இந்தச் சிறு வித்தியாசம்தான் இரண்டு போனஸ் ஆசனங்களைச் சுதந்திரக் கூட்டமைப்புக்குக் கொடுத்தது. ஆசனங்கள் 14, 11 என்று அமைந்தன. முஸ்லிம் காங்கிரசுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1.

யாருக்கும் 19 இல்லை. அந்த ஏழு பேர் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கமே ஆட்சி. முதலமைச்சர் பதவியைத் தருகிறோம் என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பகிரங்கமாகவே அழைத்தது. முஸ்லிம் காங்கிரஸ் அரச தரப்பை ஆதரித்தது. திருகோணமலையின் நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். 2015 ஜனவரியில் நாட்டின் ஆட்சி மாறியதும், பெப்ரவரியில் ஏறாவூரின் ஹாபிஸ் நஸீர் அஹமட் அப்பதவிக்கு வந்தார். மட்டக்களப்பு மாவட்டத்தில் முஸ்லிம் காங்கிரஸ் வென்ற ஆசனம் ஒன்றே ஒன்று. அந்த ஓர் ஆசனத்திலிருந்து முதலமைச்சர் வந்தார். பின்னர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அமைச்சரவையில் சேர்ந்தது. கல்வி அமைச்சு தண்டாயுதபாணியிடமும் விவசாய அமைச்சு துரைராஜசிங்கத்திடமும் சென்றன. 2008இல் பட்டியலுக்குள் மறைந்திருந்த பேரம், இம்முறை எல்லோர் கண்முன்னும் நடந்தது. இந்த மாற்றத்தை நான் குறைவாக மதிக்கவில்லை.

வாக்கில்லாமல் வந்த பதவி

ஹிஸ்புல்லாஹ்வின் கதை இன்னொரு திருப்பத்தைக் கண்டது. 2008இல் வாக்குக் கேட்டுக் கிடைக்காத மாகாணத்தின் தலைமை, 2019 ஜனவரியில் ஒரு வாக்கும் கேட்காமலே கிடைத்தது. ஜனாதிபதி அவரைக் கிழக்கு மாகாண ஆளுநராக நியமித்தார். சபை இல்லாத காலம் என்பதால் அதிகாரம் முழுவதும் ஆளுநரிடமே இருந்தது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் எழுந்த நெருக்கடியில் அதே ஆண்டு ஜூன் மாதம் அவர் பதவி விலகினார். அந்தப் பதவி வாக்காளரால் வரவில்லை, போகும்போதும் வாக்காளரிடம் யாரும் கேட்கவில்லை. ஹாபிஸ் நஸீரும் 2024இல் வடமேல் மாகாண ஆளுநராக நியமனம் பெற்றார்.

இந்த வித்தியாசத்தைத்தான் என் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். முதலமைச்சர் நம்மிடம் திரும்பி வரவேண்டியவர். ஆளுநர் நியமித்தவரிடம் பதில் சொன்னால் போதும்.

இப்போது என்ன?

2017இன் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பழைய விகிதாசார முறையை மாற்றிக் கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்றது. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. சிதறி வாழும் முஸ்லிம்களுக்குத் தொகுதி முறை பாதகமாகும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து சட்டத்தைத் திருத்துவது. தேர்தலே இல்லாமல் இருப்பது மருந்தாகாது.

மாகாணப் பாடசாலைக்கு ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும், ஆதார வைத்தியசாலைக்கு வசதியும், கிராமத்து வீதியும் மாகாண அதிகாரத்தில் வருபவை. இவற்றைக் கேட்க நமக்கு இன்று ஓர் உறுப்பினர்கூட இல்லை. நாளை தேர்தல் வந்து, வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது "முதலமைச்சர் நம்மவர்" என்பார். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் பட்டியலில் அதே பதவியைக் கேட்கும் இன்னொருவர் யார்? 19 பேரை எங்கிருந்து சேர்ப்பீர்கள்? அந்த உடன்பாடு எழுத்தில் இருக்கிறதா? காத்தான்குடியில் கேட்கப்படும் இந்தக் கேள்விகளுக்குச் சொல்லும் பதிலையே அவர் பெரியகல்லாறிலும் சொல்ல வேண்டும். 2008இல் நடக்காமல் போனது அதுதான்.