அப்பாவுக்கு டிமென்ஷியா: கையில் இருக்கும் ‘பவர்’ பத்திரம் கைகொடுக்குமா?

ஒரே நாளில் மூன்றாவது முறையாக அப்பா போன் செய்து, ‘பென்ஷன் வந்துச்சா?’ என்று கேட்கிறார். வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவீர்கள். சில மாதங்கள் கழித்து, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று அவருடைய செக்கை வங்கி திருப்பி அனுப்பும்போதுதான் விஷயம் உறைக்கும்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4% பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்கிறது 2023-ல் வெளியான லாசி-டாட் ஆய்வு மதிப்பீடு. பெரும்பாலானவர்களை வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மாத்திரை, குளியல், தூக்கம் என்று எல்லாவற்றையும் யோசிக்கும் நாம், பணம் மற்றும் பத்திர வேலைகளை மட்டும் தள்ளிப்போடுகிறோம். அதுக்குத்தான் நேரம் ரொம்பக் குறைவு.

பவர் பத்திரம் போதாதா?

போதாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 201-வது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். அதாவது, உங்களுக்கு எப்போது அது தேவையோ, அப்போது அது செல்லாது.

நாமினியா நான் இருக்கேனே?

நாமினியின் வேலை கணக்கு வைத்திருப்பவரின் மறைவுக்குப் பிறகுதான் தொடங்கும். அப்பா இருக்கும்வரை, சிகிச்சைச் செலவுக்குக்கூட நாமினி என்ற முறையில் பணம் எடுக்க முடியாது.

நோய் உறுதியானாலே கையெழுத்து செல்லாதா?

அப்படி இல்லை. கையெழுத்துப் போடும் நேரத்தில், எதில் போடுகிறோம், அதன் விளைவு என்ன என்று அவருக்குப் புரிகிறதா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. ஆரம்பக் கட்டத்தில் பலருக்கும் அந்தத் தெளிவு இருக்கும். அந்தக் காலத்துக்குள் இவற்றை முடியுங்கள்:

- ஜாயின்ட் அக்கவுன்ட்: இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்ற வகையில் மாற்றுங்கள். பென்ஷன் கணக்கு என்றால், அம்மாவைச் சேர்க்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள்.
- உயில்: இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்து, மனத்தெளிவு பற்றி அன்றைய தேதியிட்ட டாக்டர் சான்றையும் வாங்கி வைத்தால், நாளைக்கு உடன்பிறந்தவர்களுக்குள் தகராறு வராமல் தடுக்க உதவும்.
- பட்டியல்: எஃப்டி, இன்ஷூரன்ஸ், லாக்கர், வீட்டுப் பத்திரம், கடன், வங்கியோடு இணைத்த மொபைல் எண் என எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்.
- லைஃப் சர்டிஃபிகேட்: அரசின் ஜீவன் பிரமாண் வசதியில், முகத்தை ஸ்கேன் செய்து மொபைலிலேயே சமர்ப்பிக்கலாம். நவம்பரில் அவரை வங்கிக்கு அலைக்கழிக்க வேண்டாம்.

காலம் கடந்துவிட்டால்?

காப்பாளர் நியமனத்துக்கு நீதிமன்றம்தான் வழி. அதிலும் சிக்கல் உண்டு. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்ற சில குறைபாடுகளுக்குத்தான் காப்பாளரை நியமிக்கிறது. டிமென்ஷியா அந்தப் பட்டியலில் இல்லை. எனவே சில குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தை நாடுகின்றன. கோமாவில் இருந்தவரின் மனைவியை சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் காப்பாளராக நியமித்தது. ஆனால் தனி நீதிபதி மறுத்த பிறகு, மேல்முறையீட்டில்தான் அது கிடைத்தது. அந்த அலைச்சலும் வக்கீல் செலவும் சின்னதல்ல.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? மூத்த குடிமக்களுக்கான எல்டர்லைன் 14567-ஐ அழையுங்கள். ஆனால் முதலில் அப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். அது அவருடைய பணம், அவருடைய வீடு. அவருக்குப் புரியும்போதே அவர் விருப்பத்தைக் கேட்டுவிடுங்கள்.